டாக்டர் முன்னால் மட்டும் இளைக்காத மனுஷன்

“மூச்சு விடுறது நானு, ஊசி குத்திக்கிறது நானு. நீ சும்மா ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வர்ற. இதுல உனக்கு என்னா பெரிய வேலை?”

கேட்டவர் என் வீட்டுக்காரர். கேட்ட இடம் ஆஸ்பத்திரி கார் பார்க், வேனை நிறுத்த இடம் தேடி நாலாவது சுற்று வரும்போது. அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். அது அச்சில் வராது. அச்சில் வரக்கூடிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஆஸ்துமாக்காரருக்கு வாழ்க்கைப்படுவது ஓர் உத்தியோகம். லீவு கிடையாது, யூனியன் கிடையாது, பென்ஷன் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ஃபைல் தூக்குவது அதில் ஒரு சின்னப் பிரிவு. மெத்தையை வெயிலில் போடுவது, திரைச்சீலையை வாராவாரம் துவைப்பது, சாம்பிராணி போடுகிற பக்கத்து வீட்டம்மாவிடம் சிரித்துக்கொண்டே சண்டை போடுவது எல்லாம் மற்றப் பிரிவுகள். எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இதே உத்தியோகத்தில் இருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி பெருமை அடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

பிஸ்கட் டின்

எங்கள் வீடு குனோங் ராபாட்டில். அவர் பெயர் சூசை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மழைக்காலம் வந்தால் போதும், மலையடியில் இருக்கிற எங்கள் தாமான் குடியிருப்பில் முதலில் விசில் அடிப்பது அவர் நெஞ்சுதான். எமர்ஜென்சிக்கு ஓடுவோம், முகமூடி மாட்டி மருந்துப் புகையாகக் கேஸ் வைப்பார்கள், குட்டி வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். ஸ்டீராய்டு. அதைப் போட்டால் மனுஷன் இரண்டே நாளில் மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்காருவார். மூன்றாம் நாள் “இனிமே வேணாம்” என்று நிறுத்திவிடுவார். மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். உங்கள் வீட்டிலும் அந்த டின் இருக்கும், மறைக்காதீர்கள்.

அவர்கள் கொடுத்ததும் டின்னில் இருந்து நான் கொடுத்ததுமாக வருஷக்கணக்கில் அந்த மாத்திரையை விழுங்கி முகம் உப்பிப் போனது, சர்க்கரை ஏறிப் போனது. வேன் லைசென்ஸுக்கு உடம்பைச் சோதித்த கிளினிக் டாக்டர், சர்க்கரை இப்படியே போனால் அடுத்த தடவை தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி நெஞ்சுப் பிரிவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அங்கே புதுசாக ஓர் ஊசி இருக்கிறதாம். அது கிடைத்தால் மாத்திரை குறையும், மாத்திரை குறைந்தால் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் வேன் ஓடும். எங்கள் வீட்டு ஜெபமாலையில் அப்போது இந்த மூன்று மணிதான். ஆனால் வெளியே வந்ததும் இவர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு.

“ஊசி எங்க குத்துவாங்கன்னு கேட்டியா? எல்லாத்தையும் கேக்குற, முக்கியமானதைக் கேக்க மாட்டேங்குற.”

பம்ப் பரீட்சை

முதல் நாளே ஊசி போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனோம். நெஞ்சு டாக்டர் ஒரு சீனப் பெண், பார்வைக்கு என் மகள் வயசுதான் சொல்லலாம். பொறுமையாகப் பேசினார். ஆஸ்துமா என்றால் ஒரே நோய் இல்லையாம். தூசி, பூனை என்று ஒவ்வாமையால் வருவது ஒரு ரகம். ரத்தத்தில் ஈசினோபில் என்று ஒரு வெள்ளையணு கூடிப்போய் மூச்சுக்குழாயை வீங்க வைப்பது இன்னொரு ரகம். இரண்டிலும் சேராமல் வருவதும் உண்டு. ஊசியும் ரகத்துக்கு ஏற்ற மாதிரி வேறு வேறு. கடையில் போய் வெறுமனே அரிசி என்று கேட்டால் எந்த அரிசி என்று கேட்க மாட்டானா, அது மாதிரி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தினமும் வாயில் வைத்து இழுக்க வேண்டிய மருந்துப் பம்பை இவர் ஒழுங்காக இழுக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம்.

மருந்துக் கவுண்டரில் தலைக்குத் தூடோங் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண் இவர் கையில் பம்பைக் கொடுத்து இழுத்துக் காட்டச் சொன்னது. இவர் வாயைப் பாதி திறந்து, பம்பை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரண்டு தடவை ‘புஸ் புஸ்’ என்று அடித்தார். பாதி மருந்து மீசையில், மீதி சட்டைக் காலரில். இத்தனை வருஷமாக நுரையீரலுக்குப் போகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த மருந்து இது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் சென்ட் அடிப்பது போலக் கையை ஆட்டிக் காட்டி, இது அது இல்லை என்று மலாயில் சொன்னது.

“அங்கிள், இனி புக்கான் மிஞ்ஞாக் வாங்கி.”

பறக்கிறது வைத்தியம்

மூன்று மாதம் பம்பை ஒழுங்காக இழுத்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் மூச்சு இளைத்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். இழுத்தார். நான் பக்கத்தில் நின்று, சின்ன வயசில் கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களுக்கு வாய்ப்பாடு கேட்ட மாதிரி எண்ணினேன். கொஞ்சம் தேவலைதான். ஆனாலும் அந்த மூன்று மாதத்துக்குள் எமர்ஜென்சிக்கு ஒரு தடவை ஓடத்தான் வேண்டியிருந்தது.

செய்தி சித்தியவானுக்குப் போய்விட்டது. அங்கே இருப்பவர் இவருடைய அக்கா புருஷன், லூர்து அண்ணன். அவருக்கும் இழுப்பு உண்டு, நாற்பது வருஷ சிகரெட்டும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கிறார். உள்ளே கறுப்பாக ஒரு கறி. பழந்தின்னி வவ்வாலாம். பாட்டில் பாட்டிலாக மிளகு போட்டிருப்பார் போல, மூடியைத் திறந்ததும் எனக்கே இருமல் வந்தது. நான் படித்தவள், இதையெல்லாம் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றேன். அதற்குள் இவர் தட்டைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்தார்கள். இதில் என்ன வைத்தியம் இருக்கிறது, சொல்லுங்கள் என்று அண்ணனை மடக்கினேன். அவர் எலும்பைச் சப்பிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

“தங்கச்சி, அது ராவெல்லாம் பறக்குது. என்னிக்காச்சும் வவ்வாலுக்கு இழுப்பு வந்து பாத்திருக்கியா?”

நல்லா இருந்தது தப்பா

ரத்தம் எடுக்கிற நாள் நெருங்கியது. இப்போதுதான் என் தப்பு வருகிறது.

இவர் பிறந்து வளர்ந்தது லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது யாராவது இருமினால் கணக்கெழுதுகிற கிராணி பேர் எழுத மாட்டாராம், அன்றைக்கு வேலை இல்லை. அதனால் பெரியவர்கள் முன்னால் இருமக் கூடாது, இளைக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். என் கதை வேறு, ஆனால் போய் முடிகிற இடம் அதேதான். கான்வென்டில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே தரையைத் தேய்த்து, உடைந்த நாற்காலியை ஒளித்து வைப்போம். டாக்டரும் ஒரு பெரிய மனுஷி. அவர் முன்னால் வீட்டுக்காரரை விசிலடிக்க விட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

ஆக, மூன்று நாளைக்கு முன்னாலேயே பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தினமும் காலையில் குட்டி வெள்ளை மாத்திரை, என் கையாலேயே, பசியாறலோடு. அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலைக்கு மை, கழுத்துக்குப் பவுடர். படி ஏறி வந்தார் மனுஷன். லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்து போனது.

காலையில் ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடியும் நெஞ்சைப் பார்த்தார். அந்த வெள்ளையணு ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லையாம். ஒவ்வாமை எண்ணும் குறைவாம். எந்த ஊசியும் பொருந்தாது, மேலிடத்தில் அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுத இடமே இல்லை என்றார். வேறு தாள் ஏதாவது இருக்கிறதா என்று நான் ஃபைலைப் புரட்டினேன். இவரோ சந்தோஷமாக எழுந்து கை கொடுத்தார். டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்.

“நல்லா இருக்கிற மனுஷருக்கு ஊசி கேட்டு நான் எப்படிக் கடிதம் எழுத முடியும், ஆன்ட்டி?”

யூ டர்ன்

வெளியே வரும்போது, அந்த கிளினிக்கில் ரொம்ப நாளாக வேலை பார்க்கிற நர்ஸ், மிஸ்ஸி புஷ்பா, பின்னாலேயே வந்தார். பழைய ஃபைலைப் பார்த்தாராம், இளைப்பு அதிகமாகி வந்த நாள்களில் கேஸ், மாத்திரை எதுவும் கொடுப்பதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் அந்த அணு தாறுமாறாக இருக்கிறதாம். “வீட்டுல மிச்ச மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாரா? அந்த மாத்திரை உள்ள போனா ரத்தத்துல அணு அடங்கிரும்” என்றார். இவர் நிமிர்ந்து நின்று, “இல்ல மிஸ்ஸி” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். யாரிடமும் வாய் மூடாத நான் அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

வேனில் ஏறினோம். இரண்டாவது டிராஃபிக் லைட் வந்தது. அங்கே சிவப்பு விழுந்தது. நான் ஆரம்பித்தேன்: ஏன் பொய் சொன்னீர்கள்? அவர்: யார் கொடுத்தது? நான்: கொடுத்தால் விழுங்கிவிடுவீர்களா? அவர்: இத்தனை வருஷமா நீ குடுத்ததை விழுங்காம இருந்தா வீட்டுல இருக்க முடியுமா? பச்சை விழுந்து பின்னால் வந்தவன் ஹார்ன் அடிக்கும்வரை பேசினோம். அப்புறம் யூ டர்ன் போடச் சொன்னேன்.

கிளினிக்கில் நாற்காலிகளை எல்லாம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தனியாகப் போனேன், டின்னில் தொடங்கி பவுடர் வரைக்கும் சொன்னேன். கடைசியாக நான் இப்படித் தலை குனிந்து நின்றது பள்ளிக்கூடத்தில் மதர் சுப்பீரியர் அறையில். மிஸ்ஸி திட்டவில்லை. இன்னொரு தேதி எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் டின்னைத் தொடக் கூடாது, தினசரி பம்பை விடக் கூடாது, ரொம்ப இளைத்தால் டெஸ்டை நினைத்து அடக்கிக்கொண்டு இருக்காமல் உடனே எமர்ஜென்சிக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் என் தோளில் கை வைத்தார்.

“அக்கா, அடுத்த தடவை அண்ணனை மேக்கப் இல்லாம கூட்டிட்டு வாங்க.”

விசில்

அந்த ஒரு மாதம் எனக்கு நரகம். நெஞ்சு இளைக்கும்போது கொடுக்க டின் இல்லை, மிஸ்ஸியிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன். மூச்சு எவ்வளவு வருகிறது என்று அளக்க மிஸ்ஸி கொடுத்த குழாயில் வீட்டுக்காரர் காலையும் மாலையும் ஊதுவார், நான் எழுதுவேன். எண்ணைக் கொஞ்சம் கூட்டி எழுதலாமா என்று கை துடிக்கும். அழகாக எழுதிப் பழகிய கை, அசிங்கமான எண்ணை எழுத எவ்வளவு கூச்சப்படும் என்று உங்களுக்குத் தெரியாததா?

போகிற நாள் மழை. சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. லிஃப்ட்டில்தான் போனோம். காத்திருக்கும் இடத்தில் அவர் நெஞ்சு விசிலடித்தது. முன் வரிசை ஆள்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, என்னமோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து இறக்கினேன். “இளைங்க. இன்னிக்கு இங்க யாரும் பேர் எழுதாம அனுப்ப மாட்டாங்க” என்றேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

மத்தியானம் டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். போன தடவை தரையில் கிடந்த எண் இப்போது மரம் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த ரகத்துக்கே உரிய ஊசி இருக்கிறது, இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். வியாதி அதிகம் என்று சொன்னதற்கு நன்றி சொல்லிக் கும்பிட்ட முதல் தம்பதி நாங்களாகத்தான் இருக்கும். டாக்டர் இவரைப் பார்த்துச் சிரித்தார்.

“அங்கிள், இன்னிக்குத்தான் நீங்க உண்மையா என்னைப் பார்க்க வந்திருக்கீங்க.”

பாதி எனக்கு

கடிதம் போய், கூட்டம் கூடி, அனுமதி வருவதற்குள் தவக்காலமே முடிந்துவிட்டது. முதல் ஊசி ஆஸ்பத்திரியில் போட்டார்கள், போட்ட பிறகு அங்கேயே உட்கார வைத்துக் கவனித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஊசி முடிந்து வீடு வந்தபோது, சித்தியவான் லூர்து அண்ணன் வாசலில் காத்திருந்தார். இந்தத் தடவை தூக்குச்சட்டி இல்லை, விண்ணப்பம்தான். இரண்டு பேருக்கும் ஒரே இழுப்பு, ஒரே வயசு. அதனால் அடுத்த ஊசியில் பாதி தனக்கு வேண்டுமாம்.

இது பலகாரம் இல்லை பங்கு போட என்று சொல்லி, அவரை அவருடைய ஊர் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். அங்கிருந்து சோதனைக்கு அனுப்பினார்கள். அவருக்கு அந்த அணுவும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. சிகரெட்டால் குழாய் கெட்டுப்போனதுதான் பெரிய விஷயமாம். ஊசி பொருந்தாது. சிகரெட்டை விட வேண்டும், வேறு பம்ப் இழுக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அண்ணனுக்கு இது நியாயமாகவே படவில்லை. போனில் என்னிடம் நீதி கேட்டார்.

“ஒரே வவ்வாலைத்தானே தங்கச்சி ரெண்டு பேரும் தின்னோம், அவனுக்கு மட்டும் எப்படிலா நல்ல ரகமா வந்துச்சு?”

தொடை

மூன்றாவது ஊசிக்கு அப்புறம், இனி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பேனா மாதிரி ஒன்று. அதை ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. நடுத்தட்டில் இருந்த பெலாச்சான் இறால் விழுது டப்பாவை வெளியேற்றி, அந்த இடத்தில் இதை வைத்தேன். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் அவர் சோபாவில் உட்கார்ந்து, தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கைலியை ஒதுக்கித் தொடையைக் காட்டச் சொன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். பாதி ஜெபத்தில் அழுத்தினேன், ‘க்ளிக்’ என்றது, எண்ணி முடித்து எடுத்தேன். நம் கையால் வீட்டுக்காரரைக் குத்த டாக்டரே அனுமதி கொடுக்கிற வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் கிடைக்காது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“முடிஞ்சிருச்சா? உன் பேச்சுக்கு இது எவ்வளவோ தேவலை.”

செருப்புக்கும் கேட்டுக்கும் நடுவில்

ஒரு வருஷம் ஓடிவிட்டது. பம்ப் தினமும் உண்டு, ஊசி அதற்குப் பதில் இல்லை என்பதை வாரத்துக்கு ஒரு தடவை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் எமர்ஜென்சிப் பக்கம் போகவில்லை. வெள்ளை மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முகம் பழைய அளவுக்கு வந்து, கல்யாண ஃபோட்டோவில் இருக்கிற ஆள் எட்டிப் பார்க்கிறார். சர்க்கரை இறங்கியது. லைசென்ஸ் கிளினிக் டாக்டர் பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஊசி தொடரட்டும் என்று நெஞ்சு டாக்டரும் எழுதிவிட்டார்.

நல்லதுதான். ஆனால் என் உத்தியோகத்தில் ஒரு பெரிய சலுகை போய்விட்டது. முன்பெல்லாம் இவர் வெளியே கிளம்பினால் ஒரு செருப்பைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்காருவார், இன்னொரு செருப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் உட்காருவார், கேட்டுக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குள் நான் பாசாரில் வாங்க வேண்டியது, போன வாரம் வாங்காமல் விட்டது, அவருடைய அக்கா வீட்டில் எனக்குச் சொன்னது, நான் திருப்பிச் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவேன். ஓட முடியாத மனுஷன், கேட்டுத்தானே ஆக வேண்டும். இப்போது நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு முன்னால் வருவதற்குள் செருப்பும் இல்லை, ஆளும் இல்லை. நேற்றுக் காலையிலும் அப்படித்தான். நான் கேட்டுக்கு ஓடி வந்தபோது வேன் தெருமுனையில் சிக்னல் போட்டுக்கொண்டிருந்தது, மூச்சு வாங்கியது எனக்கு.

இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷனுக்கு மூச்சு வரட்டும் என்று முழங்காலில் நின்றவளுக்கு, மூச்சு வந்துவிட்டால் அந்த மனுஷன் நிற்க மாட்டான் என்று எந்த டாக்டரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

“என்னாங்க, கொஞ்சம் நில்லுங்க, நான் இன்னும் பேசி முடிக்கலை.”